போல்ட்டு எனக்கு, பட்டை அண்ணனுக்கு

என் அண்ணன் அன்புராஜ் என்னை ‘மேடம்’ என்று கூப்பிட ஆரம்பித்தது ஆனி மாதத்தில்தான். அதற்கு முன்னால், நான் பிறந்ததிலிருந்தே, அவனுக்கு நான் பாப்பா. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, காதோரம் நரை எட்டிப் பார்த்த பிறகும் கம்பெனி கேட்டில் நின்றுகொண்டு, “பாப்பா, நாஷ்டா துன்னியா?” என்று கத்துவான். செக்யூரிட்டி சிரிப்பார். எனக்கு மானம் போகும். அந்த மானம் மறுபடி எப்போது போகும் என்று காத்துக்கிடக்கும் நிலைக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டான் பாவி.

இருவருக்கும் ஒரே கம்பெனி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார் சீட்டுக்கு அடியில் வருகிற பிராக்கெட்டுகளைத் தகட்டில் வெட்டி அழுத்தி எடுக்கிற இடம். அண்ணன் மெயின்டனன்ஸ். நான் குவாலிட்டி. அவன் மெஷினை ஓட வைப்பான். அதிலிருந்து விழுவதை நான் எடுத்துப் பார்த்து, ‘இது ஆகாது’ என்பேன். பொருத்தமாகத்தான் வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று ஸ்டோர்ஸ் ஜெரால்ட் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஆனியில் ஒரு லாட்டு பிராக்கெட் முழுக்க ஓரத்தில் பிசிறு. தகட்டை வெட்டுகிற அச்சு, அதாவது டை, மழுங்கினால் வெட்டின இடத்தில் தகடு மெல்லிசாக நீட்டிக்கொண்டு நிற்கும், விரல் வைத்தால் கிழிக்கும். சிவப்பு பெயின்ட் அடித்து ஒதுக்கினேன். அண்ணன் வந்து நின்றான். “லேசாத்தான் கீது. ஃபைல் போட்டா போய்டும். உடு பாப்பா” என்றான். அரத்தால் தேய்த்துவிட்டால் சரியாகிவிடுமாம். நான் விடவில்லை. மறுநாள் மீட்டிங்கில் மேனேஜர் அத்தனை பேருக்கு முன்னால் அவனை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். வெளியே வந்தவன் என்னைப் பார்த்து, “ரொம்ப தேங்க்ஸ் மேடம்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

இன்றைக்குக் கேட்டாலும் அந்த லாட்டு ரிஜெக்ட்தான். பிசிறு என்றால் பிசிறு. அண்ணன் ஓட்டினால் என்ன, அந்த ஆண்டவனே ஓட்டினால் என்ன! அதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் கிடையாது. ஆனால் மேடமாம், மேடம்! கூடப் பிறந்தவன் வாயிலிருந்து! “ஏண்டி என் மானத்த வாங்கின?” என்று நாலு திட்டு திட்டியிருந்தால் நானும் நாலு திட்டிவிட்டுச் சோறு தின்றிருப்பேன். இவன் மரியாதை கொடுத்தே கொன்றான். நானும் விறைப்பாக ‘சார்’ என்றேன். ஒருநாள் பாத்ரூமில் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

புரட்டாசி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரம்பாக்கத்திலிருந்து அண்ணி பானு போன் செய்தாள்.

“துர்கா, ஆயுத பூஜைக்கு ஊட்ட தொடச்சிக்கினு கீறேன். பரண் மேல ஒரு சாக்கு. உள்ள பூரா ஓட்ட ஓட்டயா தகடு. உங்க அண்ணன கேட்டா, இரும்புக்காரனாண்ட போட்டுடுன்றாரு. உனக்கு இன்னானா வோணுமா?”

“அண்ணி, இரும்புக்காரன் வந்தா டீ குடுத்து ஒக்கார வெய்யி. தொட மட்டும் உடாத. தோ வரேன்” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். எங்கள் வீடு புதுவாயலில். ஹைவேயில் லாரிக்காரன் ஒவ்வொருவனும் என்னைத் திட்டினான், நானும் ஒருவனையும் பாக்கி வைக்கவில்லை.

அது வெறும் தகடு இல்லை. எங்கள் மெக்கானிக் செட். ஓட்டை போட்ட இரும்புப் பட்டைகள், சின்னத் தட்டுகள், சக்கரங்கள், நட்டு, போல்ட்டு, விரல் நீளத்துக்கு ஒரு ஸ்பேனர். நாங்கள் பள்ளிக்கூடம் போகிற வயதில் எங்கள் நைனா மெட்ராஸுக்குப் போனபோது வாங்கி வந்தது. அதை வைத்து வண்டி செய்வோம், பாலம் செய்வோம், அம்மா பரணில் ஒளித்து வைத்த வெல்லத்தை இறக்கக் கிரேன் செய்வோம். செய்கிற நேரத்தைவிட ‘எனக்கு, உனக்கு’ என்று மண்டையை உடைத்துக்கொள்கிற நேரம்தான் அதிகம்.

நைனா பார்த்தார். அவருக்கும் சித்தப்பாவுக்கும் பாகம் பிரித்தபோது கழனி ஒருவருக்கு, கிணறு மற்றவருக்கு என்று பிரித்திருந்தார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் நைனா போய்ப் பேசியாக வேண்டும், நெல் வேண்டுமென்றால் சித்தப்பா வந்து பேசியாக வேண்டும். பெரும்பாலும் பேச்சு என்பது திட்டுதான். ஆனாலும் ஒருநாளும் பேச்சு நின்றதில்லை. அதே கணக்கில் எங்களுக்கும் பாகம் பிரித்துவிட்டார். பட்டை, தட்டு, சக்கரம் எல்லாம் அண்ணனுக்கு. நட்டு, போல்ட்டு, ஸ்பேனர் எனக்கு. நான் இல்லாமல் அவனால் ஒரு பெஞ்சுகூடச் செய்ய முடியாது. அவன் இல்லாமல் நான் போல்ட்டைக் குலுக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பிறகு அவன் ஐ.டி.ஐ. போனான், நான் டிப்ளமோ போனேன். விளையாட்டெல்லாம் போன இடம் தெரியவில்லை. கல்யாணத்தின்போது என் சீர் சாமானோடு கடுகு டப்பா என்று நினைத்து அந்தப் போல்ட்டு டப்பாவையும் அம்மா கட்டி அனுப்பிவிட்டாள். அன்றிலிருந்து என் வீட்டில் எது கழன்றாலும் என் வீட்டுக்காரர் சசிகுமார் அந்த டப்பாவில்தான் கையை விடுவார்.

ஆரம்பாக்கத்திலிருந்து சாக்கோடு வந்து இறங்கியதும் டப்பாவைத் திறந்தேன். பாதிதான் இருந்தது. நான் வீடு முழுக்கச் சோதனை போட்டேன். குக்கர் கைப்பிடியில் ஒன்று. சாமி மாடக் கதவில் இரண்டு. என் ஸ்கூட்டி நம்பர் பிளேட்டிலேயே இரண்டு!

“ஏம்மா, குக்கரு கைப்புடி ஆடுது” என்றார் அவர்.

“ஆடட்டும். ரெண்டு நாளைக்கு வெளியில துன்னுக்கோங்க.”

“நம்பர் பிளேட்டு?”

“கம்பி போட்டுக் கட்டிக்குறேன்.”

மனிதர் ஹோட்டல் டிபனுக்குத் தூக்கு வாளியை எடுத்து வைத்தார். அனுபவசாலி.

தரையில் உட்கார்ந்து நானே ஒரு கிரேன் கட்டினேன். எத்தனை வருடம் கழித்து! ஓட்டையும் ஓட்டையும் சேர்கிற இடத்தில் போல்ட்டு சரக்கென்று உள்ளே போகிறபோது வருகிற சந்தோஷத்தை எதைக் கொடுத்தும் வாங்க முடியாது. கம்பெனியில் நாள் முழுக்க ‘ஆகாது, ஆகாது’ என்று சொல்கிற வாய் எனக்கு. அன்றைக்கு முதல்தடவையாக ‘ஆகுது, ஆகுது’ என்று சத்தமாகச் சொன்னேன். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த வீட்டுக்காரர் தலையை இழுத்துக்கொண்டார்.

ஆனால் கிரேன் கோணல். தூக்குகிற கை ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. முறுக்குவதுதான் எப்போதும் என் வேலை, எதை எங்கே வைப்பது என்பது அண்ணன் வேலை. அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. அவன் என்னோடு பேச மாட்டான், சரி. ஆனால் ஒரு கோணலைக் கண்ணால் பார்த்துவிட்டு அவன் கை சும்மா இருக்குமா? இருந்தால் அவன் எங்கள் நைனாவுக்குப் பிறந்தவனே இல்லை.

மறுநாள் மத்தியானம் கேன்டீனில் அவன் உட்காருகிற மேஜையிலேயே கிரேனை வைத்து, பக்கத்தில் சாக்கையும் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். நடுவில் ஜெரால்ட். அண்ணன் வந்தான், பார்த்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டான். சாம்பாரில் சோற்றைப் பிசைந்தான். ஒரு வாய் வைத்தான். கிரேனைப் பார்த்தான். இரண்டாவது வாய் தொண்டையில் இறங்கவில்லை போலிருக்கிறது.

“ஜெரால்டு அண்ணே” என்றான். “குறுக்குப் பட்ட போடாம நிறுத்திக்கிறாங்க, எப்பிடி நேரா நிக்கும்? மேடம்கிட்ட சொல்லு.”

“ஜெரால்டு அண்ணே” என்றேன் நான். “குறுக்குப் பட்ட எங்க போடணும்னு தெரிஞ்சவங்க போட்டுக் காட்டலாம். சார்கிட்ட சொல்லு.”

ஜெரால்ட் தயிர்சோற்றுக் கையோடு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “யப்பா, நான் இன்னா போஸ்ட்மேனா? ஒரே பேஜாரா கீதே. கர்த்தாவே, என்னைய சாப்ட உடுங்க!”

அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு வந்து என் கிரேனைப் பிரித்துப் போட்டான். எனக்குக் கோபம் வரவில்லை. அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு பட்டைகளை வைத்துப் பார்க்கிற அந்த முகம் அப்படியே பழைய முகம். “போல்ட்டு ஒண்ணு கேளு அண்ணே” என்பான். நான் டப்பாவிலிருந்து எடுத்து ஜெரால்டிடம் கொடுப்பேன், ஜெரால்ட் அவனிடம் கொடுப்பார். இப்படியே மணி அடிக்கிறவரை போனது.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் இதே கூத்துதான். பிரஸ் ஷாப் ஆட்கள் தட்டோடு வந்து சுற்றி நிற்பார்கள். அண்ணி போன் செய்து சிரித்தாள்: “உங்க அண்ணன் தட்டுல முருங்கக்காய நிக்க வெச்சி கிரேன் கட்றாரு துர்கா. கொழம்பு பூரா தரையில.” இதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. எல்லாம் சரி, ஆனால் மேடம் மட்டும் மேடமாகவே இருந்தாள். நடுவில் ஜெரால்ட் இல்லாமல் ஒரு வார்த்தை பேச மாட்டான் அழுத்தக்காரன்.

பூஜைக்கு முன்னால் மேனேஜரே வந்து பார்த்துவிட்டு, “இந்த வருஷம் பூஜைத் தேங்காயை இந்தக் கிரேன்தான் தூக்கி சாமி முன்னால வைக்கணும்” என்று சொல்லிவிட்டார். தேங்காயைத் தூக்கினால் கிரேன் முன்னால் கவிழும், பின்னால் எடை கட்ட வேண்டும். மறுநாள் அண்ணன் ஒரு கட்டுப் பிராக்கெட்டைக் கொண்டுவந்து பின்பக்கம் கட்டினான். எல்லாவற்றிலும் சிவப்பு பெயின்ட்.

“மேடம் ரிஜெக்ட் பண்ணதுதான் அண்ணே. வெயிட்டுக்காவது ஆவட்டும்னு சொல்லு.”

“தாராளமா கட்டச் சொல்லு. கைய மட்டும் பாத்து வெக்கச் சொல்லு.”

“இதுக்குத்தான் என்னையப் பெத்தா எங்கம்மா” என்றார் ஜெரால்ட்.

பூஜை நாள் வந்தது. காலையிலிருந்து மெஷினையெல்லாம் கழுவி, பனியன் வேஸ்ட்டுத் துணியில் எண்ணெய் தொட்டுப் பளபளவென்று துடைத்தார்கள். வாழைக்கன்று, மாவிலை, பொரி, சுண்டல். சாமி படத்துக்கு முன்னால் நீளமாக மேஜை போட்டு, கம்பெனியில் இருக்கிற அத்தனை சாமானையும் அடுக்கினார்கள். பெரிய ஸ்பேனர், சின்ன ஸ்பேனர், சுத்தியல், நான் அளவு பார்க்கிற வெர்னியர், ஜெரால்டின் ஸ்டேப்ளர், ஆபீஸ் கம்ப்யூட்டரின் மவுஸ் உட்பட எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பொட்டு வைத்துவிட்டால் லீவு முடிந்து கம்பெனி திறக்கிறவரை யாரும் அதைத் தொடக் கூடாது. எங்கள் கம்பெனியில் மேனேஜரே மீற மாட்டார்.

எனக்கு அன்றைக்கு ஒரே பெருமை. எங்கள் சின்ன ஸ்பேனரும் ஆயுதம்தானே? அதைக் கழுவித் துடைத்து, பொட்டு வைத்து, ஒரு மல்லிகைப் பூவும் வைத்து, நடு மேஜையில் குத்துவிளக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். அண்ணன் என்ன செய்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

கற்பூரம் காட்டினார்கள். மேனேஜர் கை கூப்பினார். அண்ணன் கிரேனின் கைப்பிடியைச் சுற்றினான். நூல் இறுகி, தேங்காய் தாம்பாளத்திலிருந்து மெல்ல எழும்பியது. கூட்டம் ‘ஓ’ என்றது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஒரு சாண் எழும்பியிருக்கும். கிரேனின் கை மெல்லச் சாய ஆரம்பித்தது. தேங்காய் ஆடிக்கொண்டே நேராகக் குத்துவிளக்கைப் பார்த்து இறங்கியது. ‘ஐயோ, அபசகுனம்’ என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

“ஏய் பாப்பா! புடிடீ!”

என்னையறியாமல் பாய்ந்து, தளர்ந்த நட்டை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டேன். தேங்காய் நின்றது. பிடித்த பிறகுதான் அவன் என்ன சொல்லிக் கூப்பிட்டான் என்பது காதில் விழுந்தது. அதை அனுபவிக்க விட்டானா அவன்?

“டைட்டு பண்ணலியாடீ நீ?”

“பண்ணேன், பண்ணேன், கை செவக்கப் பண்ணேன்! வழுக்குது. எவன் இதுல எண்ண போட்டது?”

அண்ணன் முழித்தான். “மிசின தொடச்ச மாதிரி... இதையும் ஒரு தொட தொடச்சேன்.”

“போல்ட்டுல எண்ண பட்டா கழலும்னு தெரியாத மெயின்டனன்ஸா நீ? இதுல மேடமாம் மேடம்!”

“சரி உடு. ஸ்பேனர எடு.”

நான் சாமியைப் பார்த்தேன். அவனும் பார்த்தான். விளக்குக்குப் பக்கத்தில், தலையில் மல்லிகையோடு, ஸ்பேனர் சிவனே என்று கிடந்தது.

“அத்த ஏண்டீ அங்க வெச்ச?”

“ஆயுதம் இல்லியா அது?”

“வேற ஸ்பேனர் எதுனா...” என்று திரும்பினான். கம்பெனி ஸ்பேனர் அத்தனையும் பொட்டோடு எங்களைப் பார்த்தது. இத்தனை ஸ்பேனரை வைத்துக்கொண்டு ஒரு நட்டை முறுக்க வழியில்லை.

ஜெரால்ட் மெல்ல முன்னால் வந்தார். “நான் வோணா எடுக்கட்டா? எனக்கு ஒண்ணும் ஆவாது.”

“ஒனக்கு ஆவாது அண்ணே, ஸ்பேனருக்கு ஆவும்” என்று நானும் அண்ணனும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

நல்லவேளை, விரலுக்கு யாரும் பொட்டு வைக்கவில்லை. “நீ நட்டப் புடி. நான் இந்தாண்ட போல்ட்டு தலையப் புடிக்கிறேன்” என்று அண்ணன் கிரேனுக்குப் பின்பக்கமாக வளைந்து கையை விட்டான். “ஜெரால்டு அண்ணே, நீ சுத்து!” இத்தனை நாள் எங்கள் பேச்சைச் சுமந்த மனிதர், இப்போது கைப்பிடியைச் சுற்றினார். தேங்காய் மறுபடி ஏறியது. என் விரல் முன்போல் மெல்லிய விரல் இல்லை, இடுக்கில் நசுங்கி வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன்.

“ஆ!” என்றான் அண்ணன்.

“இன்னா?”

“கைய கிழிச்சிடிச்சிடீ.”

எட்டிப் பார்த்தேன். பின்னால் எடைக்குக் கட்டியிருந்த சிவப்பு பெயின்ட் பிராக்கெட். அதன் ஓரம் அவன் மணிக்கட்டில் கோடு போட்டிருந்தது. பொட்டு அளவுக்கு ரத்தம். நான் ஒன்றும் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன். என் வாய் கேட்குமா?

“லேசாத்தான் கீது. ஃபைல் போட்டா போய்டும்” என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தான். மீசை துடித்தது. பிறகு அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. அவன் குலுங்கக் கிரேன் குலுங்கியது, கிரேன் குலுங்கத் தேங்காய் ஆடியது.

“சிரிக்க வெக்காதடீ பாப்பா, தேங்கா உழுந்துரும்!”

“நீ மொதல்ல நிறுத்து!”

“கர்த்தாவே, ரெண்டு பேரும் நிறுத்துங்க!” என்று கத்திக்கொண்டே ஜெரால்ட் சுற்றினார். தேங்காய் உச்சிக்குப் போய், திரும்பி, சாமி படத்துக்கு முன்னால் இருந்த இலையில் பூப்போல இறங்கியது. கைதட்டலில் தகரக் கூரையே அதிர்ந்தது. என் முகமெல்லாம் தண்ணீர். கற்பூரப் புகை என்று சொல்லிக்கொண்டேன், யாரும் நம்பவில்லை.

சுண்டல் தின்கிறபோது ஜெரால்ட் ஒரு யோசனை சொன்னார். “பட்டையும் போல்ட்டும் ஒரே பொட்டியில போட்டு ஸ்டோர்ஸ்ல வெச்சிருங்க. வோணும்னா ஆளுக்கு ஒருநாள் எடுத்துக்குங்க. என்னையும் நடுவுல இழுக்காதீங்க.”

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

“வோணாம்ணே” என்றான் அண்ணன். “பட்ட என்னாண்ட. போல்ட்டு அவளாண்ட. நைனா பிரிச்சது பிரிச்சதுதான்.”

லீவு முடிந்து கம்பெனி திறந்தது. அண்ணன் மெஷினிலிருந்து முதல் லாட்டு வந்தது. எடுத்துப் பார்த்தேன், ஓரத்தில் விரலை வைத்தேன். பிசிறு! சிவப்பு பெயின்ட் டப்பாவைத் திறந்தேன். தகவல் போய், ஷாப்பின் அந்தக் கோடியிலிருந்து அவன் வேகமாக வந்தான். பிராக்கெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டான்.

“போடி பாப்பா!” என்று ஷாப்பே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினான். “உன்னாண்ட மனுசன் வேல செய்வானா? டைய கழட்டித் தேய்க்கிறேன், போ.” நாலடி நடந்துவிட்டுத் திரும்பினான். “மத்தியானம் போல்ட்டு டப்பாவ எடுத்துக்கினு வா.”

எடுத்துக்கொண்டு போனேன்.